கூரைப் பாலத்தில் சும்மா நின்றவர்

துபாயில் வேலை செய்யலாம், வாங்கலாம், விற்கலாம், வண்டி ஓட்டி அபராதம் கட்டலாம். சும்மா நிற்பதுதான் கடினம். ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் சீருடை அணிந்த ஒருவர் அருகில் வந்து, "யெஸ் சார், எனி ஹெல்ப்?" என்று கேட்பார். உதவி செய்ய வந்தவர் இல்லை என்பது குரலிலேயே தெரியும். நாமும் ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் கைப்பேசியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

நகராத ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் கட்டுமான நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் இருந்து, அங்கே அகதி மனு நிராகரிக்கப்பட்டு, ஊர் திரும்பி, பிறகு வளைகுடாவுக்கு வந்தவர். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'சுவிஸ்' என்று பெயர். பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் விசா புதுப்பிக்கும் சமயத்தில் மட்டும் புழக்கத்துக்கு வரும்.

நான் ஒப்பந்தப் பிரிவு. எந்தக் காகிதம் எந்த மேசைக்கு, யாருடைய கையெழுத்துக்குப் பிறகு போகவேண்டும் என்று சொல்வதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வுபெற்றுத் திருச்சிக்கு வந்த பின்னும், குழாய் ரிப்பேருக்கு வருபவரிடம் வேலைமுறையை எழுதித் தரச் சொல்லி வீட்டில் திட்டு வாங்குகிறேன். எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று பலர் கேட்டதுண்டு. எனக்கு மூலம். அதிகம் உட்காராதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகமே உட்கார்ந்திருக்க, நிற்பவர்கள் நாங்கள் இருவர்தான். நட்பு இதைவிட அற்பமான காரணங்களாலும் தொடங்கியிருக்கிறது.

நிற்பதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இடுப்பு உயரத்தில் ஏதாவது வேண்டும். ஜன்னல் விளிம்போ, கைப்பிடிச் சுவரோ, தண்ணீர் இயந்திரமோ. அதில் வலது முழங்கையை ஊன்றுவார். ஒரு காலை மற்றதன் குறுக்கே வைப்பார். கையில் கைப்பேசி இருக்காது. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லோரையும் கலவரப்படுத்தும். கைப்பேசியோடு நிற்பவன் வேலையில் இருக்கிறான். அது இல்லாமல் நிற்பவன் எதையோ திட்டமிடுகிறான்.

நிர்வாகப் பிரிவுப் பெண் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"நிக்கிறன்."

"எதுக்கு?"

"நிக்கத்தான், பிள்ளை."

அவள் என்னிடம் வந்து, "அவருக்கு எதாவது பிரச்சினையா சார்?" என்று மெதுவாக விசாரித்தாள். எங்களில் பிரச்சினை இல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று சொன்னேன். நம்பவில்லை.

ஊரில் நிற்கத்தக்க இடங்கள் அனைத்தும் அவருக்குத் தெரியும். ஏசி போட்ட பேருந்து நிழற்குடைகளை மதித்தார். அங்கே ஒரு சங்கடம்: பேருந்து வந்துவிடும். கதவு திறக்கும், இவர் ஏறமாட்டார். குசைஸ் பக்கம் வாடிக்கையாக வரும் பட்டாணிய ஓட்டுநர் ஒருவர், "பாய், ஆனா ஹை யா நஹீ?", வருகிறீரா இல்லையா என்று தினமும் கேட்டு, கடைசியில் கேட்பதை விட்டுவிட்டு கையசைத்துப் போகத் தொடங்கினார். மால்களை அவர் ஒதுக்கியே வைத்தார். "மோல் நிக்கிறதுக்குக் கட்டின இடமில்லை சேர். ஆளைப் பிடிச்சு உருட்டிக்கொண்டே இருக்கும்" என்பார்.

அவருக்கு மிகவும் பிடித்தவை, பெரிய சாலைகளுக்கு மேல் மெட்ரோ நிலையங்களுக்குப் போகும் மூடிய நடைபாலங்கள். தலைக்கு மேல் கூரை, இரு பக்கமும் கண்ணாடி, கீழே கார்கள். மெட்ரோவில் சூயிங்கம் மென்றால் அபராதம், தூங்கினால் அபராதம். நிற்பதற்கு எதிராக ஒரு விதியையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்காகத் தேடிப் பார்த்தேன். எல்லோரும் நகரும் நடைபாதையில் போய்க்கொண்டிருக்க, இவர் ஓரமாக முழங்கை ஊன்றி நிற்பார். ஒரு சாயங்காலம் அப்படி நின்றபோதுதான், "சுவிஸில விட்ட இடத்துக்குக் கிட்டவா இது ஒண்டுதான் சேர் இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"அங்கை என்னை ஒரு முகாமில போட்டிருந்தவை. வேலை செய்ய அனுமதி இல்லை. காலமை சாப்பிட்டா, பிறகு பின்னேரம் வரைக்கும் ஒண்டும் இல்லை. கடைக்கு முன்னால நிண்டா கடைக்காரன் பாப்பான். ஸ்டேஷனில நிண்டா பொலிஸ் வந்து பேப்பர் கேக்கும். எம்மெண்டால் எண்டு அந்தப் பக்கத்துக்குப் பேர். ஆத்துக்கு மேல மரப்பாலம் கட்டி, வீடு மாதிரிக் கூரையும் போட்டு வச்சிருக்கிறாங்கள். அதுக்குள்ள நிண்டா ஒருத்தரும் கேக்கமாட்டினம். மழைக்கு ஒதுங்கி நிக்கிறான் எண்டு நினைப்பினம்."

"மழை இல்லாத நாள்ல?"

"மழை வரப்போகுது எண்டு நிக்கிறான் எண்டு நினைப்பினம்."

ஒரு நாள் மட்டும் அந்த ஏற்பாடு கெட்டுப்போனதாம். மழை விட்டு வெகுநேரம் ஆகியும் இவர் நின்றுகொண்டிருந்தார். அந்த வழியாக இரண்டாவது தடவை போன ஒரு மூதாட்டி, பாவம் குடை இல்லாமல் தவிக்கிறான் என்று தன் குடையைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாராம்.

"குடை வந்தபிறகு நிக்க ஏலாது சேர். என்ன காரணம் சொல்லுறது? விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு போகவேண்டியதாப் போச்சு."

"வெயில்லயா?"

"நல்ல வெயில்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் அவரைக் கடைசியில் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார்களாம். வண்டியில் போனதால் நிற்கவில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தார்.

இந்த ஆளிடம்தான் அந்த வேலை வந்து சேர்ந்தது. ஹத்தா போகும் சாலையில், மலையடிவாரத்தில், ஒரு விடுதி. உரிமையாளருக்குப் பாலைவனத்தில் ஒரு சுவிஸ் கிராமம் வேண்டுமாம். மரவீடுகள், செயற்கை ஓடை, நிஜப் புல். ஓடையின் மேல் "எம்மெண்டால் பாணி கூரையிட்ட மரப்பாலம்" என்று ஆலோசகர்கள் அனுப்பிய வரைபடத்தில் எழுதியிருந்தது. விவரமான வரைபடங்களைப் போடும் பொறுப்பு எங்களுடையது. சுவிஸ் அந்தத் தாளை மேசையில் விரித்துவைத்து, உட்காராமல், முழங்கை ஊன்றியபடி மதியம் வரை நின்றார். அன்றிலிருந்து அவரை நான் பேருந்து நிழற்குடையில் பார்க்கவில்லை. கூரை எவ்வளவு தாழ்ந்து வரவேண்டும், பக்கப் பலகை எந்த உயரத்தில் முடியவேண்டும் என்பதையெல்லாம் தன் முழங்கையை வைத்தே முடிவு செய்தார். இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி போட்டார். ஆலோசகர்கள் கேள்வி கேட்காமல் ஒப்புதல் கொடுத்தார்கள். அது அவர்களுக்கு அபூர்வம்.

மரம் வந்து இறங்கியது. பாலத்தின் உத்தரமும் தளமும் அமைந்தன. அப்போது செலவைக் குறைக்கச் சொல்லி உரிமையாளர் தரப்பிலிருந்து உத்தரவு வந்தது. எதை வெட்டலாம் என்று கூட்டம் போட்டார்கள். எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சென்னைக்காரர், வெட்டுவதில் வல்லவர்.

"பிரிட்ஜ் ரூஃபை எடுத்துடலாம் சார்," என்றார் என்னிடம். "அங்க எதுக்குக் கூரை போட்டான்? பனியும் மழையும் பட்டா மரம் அழுகிடும். பாலத்தைக் காப்பாத்தறதுக்குத்தான் கூரை. இங்க மழை எங்க இருக்கு?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மூலையில் நின்றுகொண்டிருந்த சுவிஸ், "பாலத்துக்கு மழை இல்லை, சரி. ஆளுக்கு வெயில் இருக்குத்தானே?" என்றார்.

"கெஸ்ட்டெல்லாம் பக்கில, அதான் பேட்டரி வண்டில, போவாங்க, சுவிஸ். அரை நிமிஷத்துல தாண்டிடுவாங்க."

"தாண்ட அரை நிமிஷம். நிக்கிறதுக்கு?"

"பாலத்துல எதுக்குய்யா நிக்கணும்?"

சுவிஸ் என்னைப் பார்த்தார். நடைமுறை தெரிந்தவன் எதையாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பார். வியாழக்கிழமைக்குள் தொழில்நுட்பக் காரணம் எழுதித் தந்தால் பரிசீலிக்கலாம் என்று கூட்டம் முடிந்தது. பரிசீலிக்கலாம் என்றால் முடியாது என்று பொருள். இதை நானே பலருக்கு எழுதியிருக்கிறேன்.

அவர் எழுதிக் கொண்டுவந்த காரணம் ஒரே வரி: மனிதர் நிற்பதற்காக.

"இது எந்த வகைல வரும்?" என்றேன். "பாதுகாப்புன்னு போடலாம், உறுதின்னு போடலாம், அரசாங்க விதின்னு போடலாம். நிக்கறதுன்னு ஒரு வகையே கிடையாதே."

"கூரை இல்லாட்டி அது றோட்டு சேர். றோட்டில நிண்டா ஹோர்ன் அடிப்பாங்கள்." தாளை என் பக்கம் தள்ளி, "எனக்கு இன்னொருக்கா அதுக்குள்ள நிக்கவேணும்," என்றார். அதுவரை அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சம்பள உயர்வைக்கூட.

கூரையை நீக்கும் உத்தரவைத் தட்டச்சு செய்து வைத்தேன். ஆனால் நடைமுறை என்பது கதவுகளை மூடுவதற்கு மட்டும் உண்டாக்கப்பட்டதில்லை. கோடை தொடங்கவிருந்தது. கோடையில் மதிய வேளைகளில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. தொழிலாளர்கள் ஓய்வெடுக்க நிழல் கொடுத்தாகவேண்டும். ஆய்வாளர் வந்து பார்ப்பார். எங்கள் ஓய்வுக் கூடாரம் இருந்த இடத்தில்தான் சலவைக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டவேண்டியிருந்தது. புதிய கூடாரத்துக்குத் தலைமை அலுவலகம் ஒப்புதல் கொடுப்பதற்குள் கோடையே முடிந்துவிடும்.

மேனேஜரிடம் போனேன். "கூரை மரம் யார்டுல சும்மாதான் கிடக்கு. தற்காலிக நிழலா பாலத்து மேல ஏத்திடலாம். வெயில் காலம் முடிஞ்சதும் இறக்கிடலாம். கூடாரம் வேண்டியதில்ல."

அவர் முகம் மலர்ந்தது. "இதத்தான் சார் நான் மேனேஜ்மென்ட்ங்கறது," என்றார்.

இப்படியாக அந்தப் பாலத்துக்கு, நீக்க உத்தரவான கூரையே தற்காலிகமாகப் போடப்பட்டது. எங்கள் தொழிலில் இது ஒன்றும் விசேஷமில்லை. சுவிஸிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "கோடை முடியறவரைக்கும்." அவர் தலையை ஆட்டினார். பிடிவாதக்காரர்கள் தவணையை மறுப்பதில்லை.

கோடை வந்தது. ஓடையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மலைப்பக்கத்திலிருந்து வரும் காற்று அந்த மரக்கூட்டுக்குள் நுழைந்து தண்ணீரின் மேல் வெளியேறியது. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து விடியலில் பஸ் ஏறி வரும் ஆட்கள் மதியம் அங்கே வரிசையாகத் துண்டு விரித்துப் படுத்தார்கள். படுக்க இடம் கிடைக்காதவர்கள் கைப்பிடியோரம் நின்றார்கள். நின்றவர்களுக்குச் சுவிஸ் போட்ட உயரம் பொருந்தியது. சில நாள்களில் படுக்க இடம் இருந்தும் நிற்பவர்கள் தோன்றினார்கள்.

ராமநாதபுரத்து ஃபோர்மேன் ஒருவர் தினமும் அங்கிருந்து மனைவிக்கு வீடியோ அழைப்பு போடுவார். பின்னால் மரக்கூரையும் தண்ணீரும் தெரியும்.

"எந்த ஊர்ல இருக்கீக?" என்று அந்த அம்மாளின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சைட்லதான்டி."

"சைட்டுன்னா இப்டியா இருக்கும்? போன வருசம் மண்ணாத்தானே காட்டுனீக?"

"இது சுவிஸண்ணன் கட்டுன பாலம்."

"எந்தச் சுவிஸு? நீங்க அங்கிட்டுப் போயிட்டீகளா? எங்கிட்டச் சொல்லவே இல்ல."

பாலமே சிரித்தது. சுவிஸும் அங்கேதான் இருந்தார். சைட் அலுவலகத்தின் ஏசி அறையில் வேலை செய்பவர், மதியம் அதை விட்டுவிட்டு அந்த அனலில் நடந்து வந்து பாலத்தின் நடுவில் நிற்பார். ஃபோர்மேன் கேட்பார்: "ஏண்ணே, ஏசிய விட்டுப்போட்டு இங்க வந்து வேர்க்குறீக? உங்களுக்குக் கிறுக்கா?"

"அங்கை நிண்டா, வேலை முடிஞ்சுதோ எண்டு கேக்கிறாங்கள் தம்பி."

கோடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது கூரையை இறக்கத் தேதி குறித்தார் மேனேஜர். சுவிஸ் மதியத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கத் தொடங்கினார். அந்த வாரத்தில்தான் உரிமையாளர் பார்வையிட வந்தார். காலையில் வருவதாக ஏற்பாடு, மதியம் வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கியில், கையில் தஸ்பீஹ் ஜெபமணியுடன், முதிய அமீரகத்தவர். அவரைக் கண்டதும் படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். அந்த நேரத்தில் வேலை செய்வது சட்டவிரோதம். ஆனால் முதலாளி வரும்போது படுத்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்று எல்லோருக்கும் பழக்கத்தில் பதிந்திருந்தது. துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு பாலத்தின் மறுபக்கமாக வெளியேறினார்கள். பணிப் பாதுகாப்பு அதிகாரி, வெயிலுக்கு ஓடுகிறவர்களை நிறுத்துவதா, விடுவதா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

பாலத்தில் ஒருவர் மட்டும் முழங்கை ஊன்றியபடி மிச்சமிருந்தார்.

முதியவர் உள்ளே போனார். அவர் கூப்பிடாததால் நாங்கள் போகவில்லை. தலைக்கவசமும் கோப்புமாகப் பாலத்தின் வாயிலில் வெயிலில் நின்றோம்.

"க்யா கர்தா ஹை?" என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"குச் நஹீ. கடா ஹூம்." ஒன்றுமில்லை, நிற்கிறேன்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "விசா கேன்சல் சார் இன்னிக்கு," என்றார் என் காதருகே.

முதியவர் சுவிஸை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைப்பிடியில் தன் கையை வைத்துப் பார்த்தார். உயரம் சரியாக இருந்திருக்கவேண்டும். பக்கத்தில் நின்றார். மணி உருண்டது. இருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். உள்ளே இருவர் நிழலில் எதுவும் செய்யாமல் நிற்க, வெளியே நாங்கள் அத்தனை பேரும் வேர்த்து வழிந்துகொண்டு நின்றோம். ஒரு கூரைக்கு இதைவிடத் தெளிவான தொழில்நுட்பக் காரணத்தை நான் பார்த்ததில்லை.

முதியவர் வெளியே வந்து, கூரையைக் காட்டி, "கலாஸ்," பேச்சு முடிந்தது என்று அரபியிலும், "இது இருக்கட்டும்," என்று ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். சுவிஸ் அன்று சாப்பிடக்கூட வரவில்லை. அங்கேயே நின்றார்.

பெரியவர்களுக்கு ஓர் இடம் பிடித்துப்போனால் அதோடு விடமாட்டார்கள். அடுத்த மாதமே ஆலோசகர்களிடமிருந்து திருத்தம் வந்தது. பாலத்தில் இருந்து பார்க்க அருமையாக இருப்பதால், இரு பக்கமும் கண்ணாடி அடைத்து, ஏசி போட்டு, காப்பிக்கடை வைக்கவேண்டும். மேசை நாற்காலிகள். பக்கி போவதற்கு வேறு வழி. வரையவேண்டியவர் சுவிஸ்.

"கதிரை போட்டா நிக்க ஏலாது சேர்," என்றார் என்னிடம். "நிண்டா, ஏன் கதிரையில இருக்கேல்லை எண்டு கேப்பாங்கள்."

"கூரை மிஞ்சிச்சே."

"ஓம். கூரை மிஞ்சிச்சு."

வரைந்தார். ஒவ்வொரு நாற்காலியையும் அவர்தான் வரைந்தார். கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தபோது பார்த்தேன். கண்ணாடிக் கதவு பாலத்தின் முகப்பில் இல்லை. தள்ளி, உள்ளே இருந்தது. முகப்புக்கும் கதவுக்கும் நடுவே, கூரைக்கு அடியில், கைப்பிடியோடு ஒரு துண்டு இடம் வெறுமையாக இருந்தது.

"இது என்ன இடம்?"

"கதவு திறக்கிற இடம் சேர்."

"இவ்வளவு எதுக்கு? யானை வருதா காப்பி குடிக்க?"

அவர் முழங்கையை என் மேசையில் ஊன்றிக்கொண்டார்.

பெயர் இல்லாத இடத்துக்கு யாரும் ஒப்புதல் தரமாட்டார்கள். வெறுமையாக விட்டால் ஆலோசகர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். கதவை முன்னால் இழுத்துவிடுவார்கள். பேனாவை எடுத்து அந்தத் துண்டில் "காத்திருக்கும் பகுதி" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். காப்பிக்கடை என்றால் காத்திருக்கும் பகுதி இருந்தாகவேண்டும். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

விடுதி திறந்து சில மாதங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, நான் நிரந்தரமாக ஊர் திரும்புவதற்கு முன்னால், இருவரும் போனோம். வாயில் காவலாளியிடம் காப்பிக்கடைக்கு என்று சொல்லி உள்ளே நுழைந்தோம். பாலத்துக்கு வந்ததும் சுவிஸ் கதவுவரை போகவில்லை. முகப்பிலேயே நின்று, கைப்பிடியில் முழங்கையை ஊன்றினார். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கறுப்பு ஏப்ரன் கட்டிய பணியாளர் ஒருவர் வந்தார். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கவேண்டும்; தமிழிலேயே கேட்டார். தேனிப் பக்கத்துப் பேச்சு.

"டேபிளுக்கு வெயிட் பண்றீங்களா சார்?"

"ஓம் தம்பி," என்றார் சுவிஸ்.

"உள்ள நெறைய டேபிள் காலியாத்தான் கெடக்கு. வாங்க சார்."

நான் கதவை நோக்கி நகரப் பார்த்தேன். சுவிஸ் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். வெகு தூரத்து மூலையில் ஒரு குடும்பம் அப்போதுதான் பட்டியலை விரித்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு அந்த மூலை மேசைதான் வேணும்."

"அவங்க இப்பத்தான் வந்தாங்க சார். இன்னும் ஆர்டரே குடுக்கல. ரொம்ப நேரமாகும்."

"பரவாயில்லைத் தம்பி," என்றார் சுவிஸ், ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்தபடி. "அவையள் ஆறுதலாச் சாப்பிட்டு எழும்பட்டும்."